கருத்தரங்குக்குப் போன இடத்தில்

சென்னையில் பல் மருத்துவராக இருக்கும் அந்தப் பெண்மணிக்கு வருடத்தில் மூன்று, நான்கு கருத்தரங்குகள் வந்துவிடும். எல்லாமே சனி, ஞாயிறில்தான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணவருக்கும் அந்த இரண்டு நாள்தான் ஓய்வு. ஒருமுறை கோவைக்குச் சேர்ந்தே போனார்கள். காலை எட்டரைக்கு அரங்கத்துக்குப் போன மனைவி, விருந்தெல்லாம் முடிந்து அறைக்குத் திரும்பும்போது இரவு பத்தரை. கணவர் அதுவரை டிவியே கதி என்று கிடந்தார். "சேர்ந்து வந்தோம்னு பேருதான்" என்று திரும்பும் ரயிலில் அவர் சொன்னது மனைவியின் மனத்தை விட்டு அகலவில்லை.

மதுரைக்கு அழைப்பு வந்தபோது இருவரும் முதலில் உட்கார்ந்து பேசினார்கள்.

நிகழ்ச்சி நிரலை மேஜையில் விரித்து, எந்த அமர்வு அவசியம் என்று மனைவி பென்சிலால் குறித்தார். சனி பகலில் அவருடைய உரை, ஞாயிறு காலையில் கட்டாயம் கேட்க வேண்டிய இரண்டு உரைகள். அந்த நேரங்களில் போனில் கூப்பிடுவதில்லை என்று கணவர் ஒப்புக்கொண்டார். சனி இரவு எட்டரைக்கு மேல் இருவருக்கும் என்று முடிவாயிற்று. அறை வாடகை ஏற்பாட்டாளர்கள் பொறுப்பு. இரண்டாவது ஆளுக்கான கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று ஓட்டலில் கேட்டு, அதைத் தாங்களே கட்டினார்கள். இதை முன்பே தெளிவாக்கிக்கொள்வது மிக நல்லது. கணக்கு முடிக்கும் நேரத்துச் சங்கடம் மிச்சம்.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. வார இறுதி டிக்கெட் என்றால் முன்பதிவு திறக்கும் அன்று காலை எட்டு மணிக்கே தயாராக இருக்க வேண்டும். அப்படித்தான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது.

கோவையில் செய்த தவறு மதுரையில் நடக்கவில்லை. மனைவி மேடையில் இருந்த நேரத்தில் கணவர் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழடிக்குப் போய்விட்டார். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. தாயக்கட்டை, தக்களி, மணிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கும் செய்தி அவரை உலுக்கிவிட்டது. மாலையில் மனைவியைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். உடன் போகிறவருக்கும் சொந்தமாக ஒரு வேலை, பார்க்க ஒரு இடம் வேண்டும். இரண்டு பேரிடமும் சொல்ல ஏதாவது இருந்தால்தான் பேச்சு வளரும்.

விருந்தைத் தவிர்க்கவும் இல்லை. ஏழரைக்கு இருவருமாகப் போனார்கள். மனைவி தன் பேராசிரியருக்கும் உடன் படித்தவர்களுக்கும் கணவரை அறிமுகப்படுத்தினார். எட்டேகாலுக்கு, "சார், கோயிலுக்குப் போகணும், உத்தரவு வாங்கிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசி கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அலுவலகக் குழுவின் செய்திகளும் அதோடு வாசலில் நின்றுவிட்டன. அந்தப் பயணத்திலேயே அருமையான பகுதி இதுதான். ஒவ்வொரு இரவும் நடை சாத்துமுன் சுவாமி சன்னிதியிலிருந்து சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்கு எழுந்தருள்வார். நாதஸ்வரம் முன்னே போக, கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் நின்று பார்த்தார்கள். வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தபடி, மகளின் படிப்பு பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பல மாதமாகத் தள்ளிப்போட்ட பேச்சு அது.

ஞாயிறு காலை மனைவி அரங்கத்தில், கணவர் அறையில் மடிக்கணினியோடு. மதியத்துக்கு மேல் ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டு இரவு ரயிலைப் பிடித்தார்கள்.

மதுரைக்கு வேலையாகப் போகிறவர்கள் துணையையும் கூட்டிப் போங்கள். பள்ளியறை பூஜை நேரத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.