தளர்ந்த தோலுக்கு அடியில்

கேள்வி: என் பையனுக்கு 11 மாதம். பிறந்ததிலிருந்தே கன்னமும் கழுத்தும் தொங்கிக் கிடக்கின்றன. குடலிறக்கத்துக்கு ஆபரேஷனும் ஆகிவிட்டது. தோலில் துணுக்கு எடுத்துப் பார்த்த டாக்டர், "எலாஸ்டிக் நார் சரியில்லை, கியூட்டிஸ் லாக்ஸா" என்றார். எண்ணெய் தேய்த்து நீவினால் இறுகுமா? நான் தாய்மாமனைக் கட்டியவள். அவர் மரச்சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறார். அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?
– ஒரு வாசகி, தம்மம்பட்டி

பதில்: எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் இல்லையம்மா. ஆனால் தோல் இறுகாது. இழுத்துவிட்டால் தோலைப் பழைய இடத்துக்குத் திருப்புவது எலாஸ்டின் நார். கருவிலும் முதல் சில வருடங்களிலும்தான் உடல் அதைப் பெருமளவில் உருவாக்குகிறது. வெர்ஹாஃப் சாயம் ஏற்றிய தோல்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த நார் கருப்பாகத் தெரியும். நல்ல தோலில் மெல்லிய இழைகள் மேல்தோலை நோக்கி நிமிர்ந்திருக்கும். அவற்றுக்குக் கீழே தடித்தவை படுக்கைவாக்கில் ஓடும். இந்த நோயில் மேலிழைகள் அருகிப்போயிருக்கும். கீழே இருப்பவை துண்டு துண்டாக, பொடிப்பொடியாகக் கிடக்கும்.

எனக்குக் கவலை முகத்தைப் பற்றியல்ல. இதே நார்தான் பெருந்தமனியிலும் நுரையீரலிலும் இருக்கிறது. குடலிறக்கம் வந்ததும் இந்தக் கோளாறால்தான் இருக்க வேண்டும். கொச்சி அம்ரிதா மருத்துவமனை மருத்துவர்கள் 22 கைக்குழந்தைகளைப் பற்றி 2012-ல் எழுதினார்கள். எல்லோருக்கும் இந்த நார் உருவாகத் தேவையான ஃபைபுலின்-4 மரபணுவில் ஒரே பிழை. தமனிகள் விரிந்து, நெளிந்து போயிருந்தன. பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை. அவர்களில் பலருக்குத் தோலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உங்கள் பையனுக்கும் அதே வகை என்று நான் சொல்லவில்லை. தோலை வைத்து உள்ளுறுப்பைக் கணிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே சேலம் போய் எடுத்துவிடுங்கள். மூச்சிரைப்பு, அடிக்கடி சளி இருந்தால் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். புகை இந்த நாரை மேலும் அரிக்கும்; வீட்டில் பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் பட்டறைத் தூசியோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். குளித்து, உடை மாற்றிவிட்டுத் தூக்கட்டும்.

முகத்துக்குப் பின்னாளில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யலாம். காயம் நன்றாகவே ஆறும்; தோல் மறுபடி தளரக்கூடும்.

தாய்மாமனைக் கட்டியது உங்கள் குற்றமில்லை. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரும் வகைகள் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாக வருகின்றன. அந்த வகை என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-க்கு 1 வாய்ப்பு. முதலில் பையனுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள், வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எந்த மரபணு என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11-ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். பையனின் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடுங்கள்.