ஐந்தரை மணி நேரம் தப்பினால் அது பேட்டரி அல்ல

விண்டோஸில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு லினக்ஸுக்குப் போனால் அங்கே தப்பாகக் காட்டுகிறது. லினக்ஸில் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் விண்டோஸில் தப்பு. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு இது தீராத தொல்லை. தருமபுரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் பல வீடுகளுக்கு அரசாங்கத்தின் வழியாகவே வந்தன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பின்னால், 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸுடன் உபுண்டுவையும் சொல்லிக்கொடுத்தது. அதைப் படித்துவிட்டுத் தாங்களே இரண்டையும் போட்டுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் நேரம் ஏன் மாறுகிறது என்பதைப் பற்றி ஊரில் உலவும் பேச்சில் பாதிக்கு மேல் தப்பு. அதனால் வீணாகப் பணம் செலவாகிறது, நல்ல மென்பொருள் அழிக்கப்படுகிறது.

நம்பிக்கை: "உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி போயிடுச்சு தம்பி, மாத்தினா சரியாயிடும்."

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு நேரம் தப்புகிறது என்பது. காலை 10 மணிக்கு விண்டோஸ் விடியற்காலை 4.30 என்று காட்டுகிறதா? இரவு 7 மணிக்கு லினக்ஸ் நள்ளிரவு 12.30 என்று காட்டி, தேதியையும் மறுநாளுக்குத் தள்ளிவிட்டதா? இரண்டிலும் வித்தியாசம் துல்லியமாக ஐந்தரை மணி. செத்துப்போன பேட்டரிக்கு இப்படிக் கணக்குப் பார்த்துத் தப்பத் தெரியாது. பேட்டரி போய்விட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய், அந்த போர்டைச் செய்தவர்கள் வைத்த ஏதோ ஒரு ஜனவரி 1-இல் நிற்கும். அல்லது கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்த நேரம் முழுவதும் கணக்கில் வராமல் போயிருக்கும்.

ஐந்தரை மணி என்பது இந்திய நேரத்துக்கும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி. மின்சாரம் இல்லாதபோதும் ஓடுவதற்காக மதர்போர்டில் ஒரு சிறிய கடிகாரம் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்று அதை ஓட்டுகிறது. ஐபிஎம் 1984-இல் கொண்டுவந்த பிசி ஏடி கம்ப்யூட்டரில் இருந்த கடிகார சிப்பின் வழிமுறையே இன்றுவரை தொடர்கிறது. அந்தச் சிப்பில் வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை எழுத இடம் உண்டு. அது எந்த ஊர் நேரம் என்று எழுத இடமில்லை. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் தட்டினார்கள். அந்த வழக்கத்தில் வந்த விண்டோஸ், சிப்பில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸோ, அதே எண்ணை யுடிசி என்று வாசித்து அதோடு ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. கடிகாரம் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். வாசிப்பவர்கள் இருவர்.

இதை ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி பயாஸ் திரைக்குள் போங்கள் (விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). அங்கே தெரியும் மணியைக் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கடைசியாக எழுதியது விண்டோஸ். ஐந்தரை மணி பின்னால் இருந்தால் எழுதியது லினக்ஸ். பல வருடம் பின்னால் இருந்தால் மட்டுமே பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். சில லேப்டாப்களில் அந்தத் தனி பேட்டரியே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். இன்னொரு வகைப் பிழையும் உண்டு: விண்டோஸ் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி பின்னால் காட்டினால், அமெரிக்க மேற்குக் கரையின் நேர மண்டலம் மாற்றப்படாமல் அப்படியே கிடக்கிறது. அதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

நம்பிக்கை: நெட் இருந்தால் தானாகச் சரியாகிவிடும்.

ஆகும், அடுத்த முறை மாறிப் போகும்வரை. இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கிய லினக்ஸ், அதை யுடிசி கணக்கில் சிப்புக்குள் எழுதிவைக்கும். நேர ஒத்திசைவு ஓடும்போது லினக்ஸ் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறது. பிறகு விண்டோஸைத் திறந்தால் பழைய கதை. விண்டோஸும் திறந்தவுடனே இணையத்தைக் கேட்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வெகுகாலம் வாரத்துக்கு ஒருமுறைதான் அது கேட்டது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை எப்போதாவது போட்டு வேலை பார்க்கும் பிள்ளைக்கு நாள் முழுவதும் தப்பான நேரம்தான்.

நம்பிக்கை: நேர மண்டலத்தை மாற்றிவிட்டால் போதும்.

இதைச் செய்யவே செய்யாதீர்கள். விண்டோஸ் ஐந்தரை மணி பின்னால் காட்டுகிறது என்று, அதை ஈடுகட்ட ஐந்தரை மணி முன்னால் உள்ள ஏதோ ஒரு தீவின் மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. மூலையில் தெரியும் மணி சரியாகிவிடும். ஆனால் உள்ளே யுடிசி கணக்கு ஐந்தரை மணி தப்பியே இருக்கும். இணையத்தோடு ஒத்திசைந்ததும் மூலையில் உள்ள மணியும் தப்பிவிடும். இரண்டு பக்கமும் மண்டலம் கொல்கத்தா என்றே இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் மருந்து.

மருந்து இரண்டு, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். லினக்ஸ் பக்கம் மாற்றுவது எளிது. நெட்டில் இணைத்து நேரம் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, டெர்மினலில் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்ற ஒரே வரியை ஆங்கிலத்தில் தட்டினால், லினக்ஸும் சிப்பில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். பழையபடி மாற்ற வேண்டுமென்றால் அதே வரியில் 1-க்குப் பதில் 0. விண்டோஸ் பக்கம் மாற்றுவதென்றால் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, கரன்ட்கன்ட்ரோல்செட் என்பதற்குள் கன்ட்ரோல், அதற்குள் டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற பெயரில் ஒரு டிவேர்ட் மதிப்பை உண்டாக்கி 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன் அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்வது கட்டாயம்.

என் தீர்ப்பு லினக்ஸ் பக்கத்துக்கே. உள்ளூர் நேரத்தை வைத்தால் லினக்ஸ் ஓர் எச்சரிக்கை காட்டும். பலர் அதைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறார்கள். அந்த எச்சரிக்கை வேறு மண்டலங்களுக்குப் போய்வருபவர்களையும், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளையும் மனதில் வைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் அப்படித் தள்ளினார்கள். 1945-க்குப் பிறகு அந்த வழக்கம் நீடிக்கவில்லை. அரூரிலோ பென்னாகரத்திலோ உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு உள்ளூர் நேரத்தை வைப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. வெளிநாடு போய்வருபவர்களும் சர்வர் வேலை பார்ப்பவர்களும் விண்டோஸ் பக்கம் மாற்றிக்கொள்ளட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிழை திசை மாறித் திரும்பி வரும்: லினக்ஸ் யுடிசியை உள்ளூர் நேரம் என்று வாசிக்க, விண்டோஸ் உள்ளூர் நேரத்தை யுடிசி என்று வாசிக்கும். மறுபடியும் அதே ஐந்தரை மணி.

நம்பிக்கை: யுடிசி என்பது லண்டன்காரர்கள் நேரம், நம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டியது இந்திய நேரம்.

நம் கையில் இருக்கும் கைப்பேசி உள்ளே யுடிசியைத்தான் எண்ணுகிறது. திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தின் நேரமும் நம் ஊர்ச் சூரியன் சொல்லும் நேரமல்ல. இந்திய நேரத்துக்கு ஆதாரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகே போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகை. தருமபுரி ஏறக்குறைய 78 பாகையில் இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது சராசரியாக 17 நிமிடம் தாமதம். 1906 ஜனவரி 1-இல் இந்தப் பொது நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன், சென்னை வானாய்வு மையக் கணக்கில் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் ஓடிய சென்னை நேரம்தான் ரயில்வேயின் நேரம். புது நேரம் வந்த பிறகும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் விடவில்லை. எந்த நேரத்தை வைப்பது என்பது எல்லாரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும் இரண்டு மென்பொருளுக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்துவைத்தால் போதும்.

நம்பிக்கை: மணி தப்பினால் என்ன, கையில்தான் போன் இருக்கிறதே.

லினக்ஸ் ஐந்தரை மணி முன்னால் ஓடும்போது இரவு 7 மணிக்கு ஒரு புராஜெக்ட் கோப்பைச் சேமிக்கிறீர்கள். அதில் மறுநாள் 12.30 என்று பதிவாகிறது. 8 மணிக்கு விண்டோஸில் அதன் இன்னொரு பிரதியைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். பதிவாவது அன்று இரவு 8. புதியதை வைத்துக்கொள் என்று சொல்லிப் பென்டிரைவில் ஒத்திசைத்தால் பழைய பிரதி புதியதாகக் கருதப்பட்டு, திருத்தியது அழிந்துவிடும். உழைத்த பிள்ளைக்கு ஏன் போனது என்றே தெரியாது. இதனால்தான் இதை அலட்சியப்படுத்தக் கூடாது என்கிறேன்.

கடைசியாக, எனக்கு அதிகம் வருத்தம் தரும் நம்பிக்கை: லினக்ஸ்தான் மெஷினைக் கெடுக்கிறது, தூக்கிவிட்டால் சரியாகிவிடும். தூக்கினால் நேரம் சரியாகும், உண்மைதான். ஆனால் ஒரு வரிக் கட்டளையில் தீரும் விஷயத்துக்காக, தமிழிலேயே மெனு காட்டும், எவ்வளவு துருவிப் பார்த்தாலும் பணம் கேட்காத ஓர் இயங்குதளத்தை மாணவரின் லேப்டாப்பிலிருந்து அழிப்பது அநியாயம். சர்வர் வேலைக்கோ நிரல் வேலைக்கோ போகிறவர்கள் நாளைக்கு முதலில் சந்திக்கப்போவதும் லினக்ஸைத்தான்.

பெற்றோருக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேரம் தப்பிய லேப்டாப் கைக்கு வந்தால், ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பயாஸ் திரையில் மணி எத்தனை என்று பாருங்கள். வித்தியாசம் ஐந்தரை மணி என்றால் எதையும் கழற்றவோ அழிக்கவோ வேண்டாம்; மேலே சொன்ன அந்த ஒரு வரியை அந்தப் பிள்ளையையே தட்டச் சொல்லுங்கள்.