இரண்டு டிக் விழுந்தால் போதுமா?

டாக்டருக்கும் நோயாளிக்கும், லேபுக்கும் வார்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வலைச் செயலிகளை இப்போது சிறிய ஊர் மருத்துவமனைகள்கூடச் செய்யச் சொல்லி வாங்குகின்றன. செய்து தரும் இளைஞர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கடைக்குச் செய்த செயலியைப் போலவே இதையும் தொடங்கிவிடுகிறார்கள். கடையில் ஒரு செய்தி தவறினால் பொருள் வந்து சேரத் தாமதமாகும். மருத்துவமனையில் ஒரு செய்தி தவறினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகளைத் தொடக்கத்திலேயே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, தனிச் செயலி எதற்கு?

உண்மை: வாட்ஸ்அப்பில் டாக்டரிடம் ஆலோசனை கேட்பதில் சட்டத் தடை இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்திய டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் அதையும் அனுமதிக்கின்றன. ஆனால் ஆலோசனையின் பதிவைப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பை அதே வழிகாட்டுதல்கள் டாக்டரிடம் ஒப்படைக்கின்றன. குரூப்பில் வரும் காயத்தின் படம் நர்ஸின் சொந்த போனில் கிடக்கும், நோயாளியின் கோப்பில் ஏறாது. அவர் வேலையை விட்டுப் போனால் படமும் அவரோடு போய்விடும்.

நம்பிக்கை: பாதுகாப்பு என்றால் ஹேக்கரைத் தடுப்பது.

உண்மை: 2015 செப்டம்பரில் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக், எச்.ஐ.வி. சேவை பெறுபவர்களுக்கு ஒரு செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்பியது. முகவரிகளை மறைக்கும் 'பிசிசி' கட்டத்தில் போட வேண்டியதை 'டூ' கட்டத்தில் போட்டுவிட்டார்கள். 781 முகவரிகள் மின்னஞ்சல் பெற்ற எல்லோர் கண்ணிலும் பட்டன. அவற்றில் 730 முகவரிகளில் முழுப் பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கிளினிக்கை நடத்தும் நிர்வாகத்துக்கு 1,80,000 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. இதில் ஹேக்கர் யாரும் இல்லை.

மொத்தமாக அனுப்பும்போது ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியவே வழியில்லாமல் செயலி செய்யப்பட வேண்டும். யாருடைய கோப்பை யார், எப்போது திறந்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். போனின் பூட்டுத்திரையில் 'மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி' என்பதற்கு மேல் எதுவும் தெரியக் கூடாது.

நம்பிக்கை: ஒரு போன் எண் என்றால் ஒரு நோயாளி.

உண்மை: பல வீடுகளில் மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்பது ஒரே எண்தான். மருமகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவை அவருக்கு முன்பே மற்றவர்கள் படித்துவிடலாம். ஆகவே போன் எண்ணை நோயாளியின் அடையாளமாக டேட்டாபேஸில் வைக்கவே கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். 14 இலக்க ஆபா (தேசிய சுகாதார அடையாள) எண் வைத்திருந்தால் அதையும் இணைக்கலாம். எந்தச் செய்தி எந்த எண்ணுக்கு வரலாம் என்று பதிவு கவுண்டரிலேயே நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: முதலில் ஆங்கிலத்தில் முடிப்போம், தமிழைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம் கிடைக்கும். தமிழில் கிடைப்பது 70 மட்டுமே. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'மருத்துவமனை' நம் கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 11 இடம். 'நாளை காலை 10 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரவும்' என்பது இடைவெளிகளோடு 64 இடம். திரும்ப அழைக்க ஒரு போன் எண்ணைச் சேர்த்தாலே 70-ஐத் தாண்டி, இரண்டு எஸ்எம்எஸ் செலவாகும்.

செலவைக் குறைக்கிறேன் என்று 'வெறும் வயிற்றில்' என்பதை எடுத்துவிட்டால், நோயாளி இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அது புரியாது. மேலும் இந்தியாவில் இப்படி அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் வாசகத்தை மாற்றினால் மறுபடியும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ் வாசகத்தை முதல் நாளே எழுதி, நோயாளி ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

நம்பிக்கை: 'டெலிவர்டு' என்று வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். ரத்தத்தில் பொட்டாசியம் பொதுவாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். ஒரு நோயாளிக்கு 6.8 என்று ராத்திரி லேபில் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடிய அளவு அது. செயலி செய்தியை அனுப்புகிறது, இரண்டு டிக்கும் விழுகிறது. ஆனால் அந்த டாக்டர் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நல்ல லேபில் இப்படிப்பட்ட முடிவைப் போனில் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். அந்தப் பழக்கத்தைச் செயலிக்குள் கொண்டுவர வேண்டும். டூட்டி அட்டவணை செயலியில் இருக்க வேண்டும். செய்தியைப் பார்த்தவர் 'பார்த்தேன், கவனிக்கிறேன்' என்று அழுத்த வேண்டும், பெயரும் நேரமும் பதிவாக வேண்டும். மருத்துவமனை குறித்த நேரத்துக்குள் யாரும் அழுத்தாவிட்டால், செய்தி அடுத்த டாக்டருக்குப் போய், அங்கேயும் பதில் இல்லாவிட்டால் போன் மணி அடிக்க வேண்டும்.

பொறுப்பைக் கைமாற்றும் முறையை ஒழுங்குபடுத்தினால் பலன் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 குழந்தை மருத்துவப் பயிற்சி மையங்களில், டூட்டி மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையை 'ஐ-பாஸ்' என்ற பெயரில் ஒழுங்குபடுத்தினார்கள். கேட்டுக்கொண்டவர் தான் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்வது அதன் கடைசிப் படி. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நம்பிக்கை: சாட்பாட் வைத்தால் பதில் சொல்ல ஆள் வேண்டாம்.

உண்மை: செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று 2020 வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. அப்பாயின்ட்மென்ட் நேரம் சொல்ல சாட்பாட்டை வைத்துக்கொள்ளலாம். 'நெஞ்சு வலிக்கிறது' என்று ஒருவர் எழுதினால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, அதே நொடியில் ஒரு மனிதரையும் எழுப்ப வேண்டும்.

திரை வடிவமைப்புக்கு முன் வார்டில் ஒரு ராத்திரி டூட்டி மாறும்போது கூட நின்று பாருங்கள். செயலி அனுப்பப்போகும் செய்திகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில்களை எழுதுங்கள்: யார் பார்க்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள், அவர் பார்க்காவிட்டால் அடுத்து யார். மூன்றையும் நிரப்ப முடியாத செய்தியை, மருத்துவமனை பதில் சொல்லும்வரை செயலியில் சேர்க்காதீர்கள்.