கடைக்காரர் கருவி விற்பது ஏன்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் அங்கத்தினர்களில் பலர் இன்று கைபேசி வழியே சாமான் வாங்குகின்றனர். கோ-ஆப்டெக்ஸும் அவ்வழியே துணி விற்கிறது. ஆகவே ஒரு கேள்வியை ஆராய்வோம். பிறருடைய பண்டங்களை விற்று வளர்ந்த இணையக் கடை, தானே கருவிகளையும் விற்க முற்படுவது ஏன்?

1995-ல் புத்தகக் கடையாகத் திறந்த அமேசான், 2007-ல் 'கிண்டில்' என்னும் படிக்கும் கருவியை 399 டாலருக்கு விற்றது. தொலைக்காட்சியில் செருகும் 'ஃபயர் டிவி ஸ்டிக்' கருவியைச் சென்னையில் ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனத்தைக் கொண்டு செய்விக்கப் போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. எனவே இது நம் ஊர்ச் செய்தியும் ஆகும்.

முதற் காரணம், தொடர் வியாபாரம். தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி சீனாவில் விளக்குகளை மலிவாகக் கொடுத்தது. அது நாடிய லாபம் விளக்கில் இல்லை. நாள்தோறும் எரியும் எண்ணெயில் இருந்தது. கிண்டிலை அடக்கவிலைக்கே விற்பதாக அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் 2012-ல் கூறினார்.

உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். அடக்கம் ரூ. 3,000, விற்பனையும் ரூ. 3,000; லாபம் இல்லை. வாங்கியவர் மாதம் ரூ. 200-க்குப் புத்தகம் வாங்கி, கடைக்கு நூற்றுக்கு 30 நின்றால், ஆண்டுக்கு ரூ. 720, ஐந்தாண்டில் ரூ. 3,600!

இரண்டாவது, வாசல் யாருடையது என்பது. ஆப்பிள் கைபேசியில் இயங்கிய கிண்டில் செயலியிலிருந்து, புத்தகக் கடைக்குச் செல்லும் வழியை ஆப்பிளின் விதிகளால் 2011-ல் நீக்க நேர்ந்தது. பிறர் வாசலில் கடை வைத்தவர் அவருக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும். தம் கருவியோ தம் வாசலாகும். அவ்வாசல் உடையவர் பிறரை மறிக்கவும் கூடும்: 2015-ல் அமேசான், போட்டியாளர்களான ஆப்பிள், கூகுள் ஆகியோரின் தொலைக்காட்சிக் கருவிகளைத் தன் கடையில் விற்பதை நிறுத்தியது.

எனினும் கருவி எப்போதும் வெல்வதில்லை. 2014-ல் வந்த அமேசான் கைபேசியை மக்கள் விரும்பவில்லை. 17 கோடி டாலர் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது. கடைக்காரரின் தேவைக்குப் பிறந்த கருவி, வாங்குவோரின் தேவையையும் தீர்த்தாக வேண்டும்.

நெசவாளருக்கு இப்பாடம் புதிதன்று. பாவும் முன்பணமும் கொடுத்தவரிடமே சேலையைக் கொடுத்து, அவர் சொன்ன கூலியைப் பெற்ற நிலையை மாற்றவே சங்கம் கண்டோம். இனாமாகவோ மலிவாகவோ ஒரு கருவி சங்கத்துக்கு வருமாயின், நிர்வாகக் குழு கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்கட்டும்:

1. கருவியின் விலை போக, ஆண்டுதோறும் நாம் செலுத்துவது எவ்வளவு?

2. வேறு கடையிலும் வாங்க, விற்க அக்கருவி இடந்தருமா?

3. விலகினால், நம் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும் நம்மிடமே இருக்குமா?

மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதில் தவறில்லை. ஆனால் மீதி விலையை யார், எவ்வழியில் வசூலிக்கிறார் என்பதை அறிந்து வாங்குவதே கூட்டுறவாளர்க்கு அழகு.