நிலம் வேறு, நீர் வேறு, மீன் வேறு

"என் நிலத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன் பிடிப்பவர் எனக்குப் பணம் தர வேண்டாமா?" என்று கரையோர உழவர்கள் கேட்கின்றனர். "மீன் குத்தகைக்காரர் மதகைத் திறந்துவிட்டால் எங்கள் பயிர் என்ன ஆவது?" என்று ஏரி ஆயக்கட்டுதாரர்கள் கேட்கின்றனர். நிலம், நீர், மீன் ஆகிய மூன்றின் உரிமையும் தனித்தனியானவை என்பதை அறிந்துகொண்டால், இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஆற்று மீன்

திருவண்ணாமலை வட்டாரத்து உழவர்கள் அறிந்த ஆறுகள் தென்பெண்ணையும் செய்யாறும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, தனியார் உடைமை என்று நிலைநாட்டப்பட்டவை நீங்கலாக, ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் படுகை அரசுக்குச் சொந்தமாகும். எனவே கரையில் பட்டா இருப்பதால் மட்டும் ஆற்று மீனுக்குக் கட்டணம் கேட்க இயலாது. ஆனால் பொதுவழியோ வழக்கப்படியான நடைபாதையோ இல்லாத இடத்தில், தம் வயல் வழியே பிறர் செல்வதை உழவர் தடுக்கலாம்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே கடல் ஏற்றம் எட்டாத ஆறுகளில் பொதுவாகக் கரை நிலத்துக்காரருக்கே ஆற்றின் நடுப்பகுதி வரை மீன் உரிமை உண்டு. அதைப் பணத்துக்கு விட்டு வருமானம் பெறுகின்றனர்.

ஏரி மீன்

நம் மாநிலத்தில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகளைப் பொதுவாக நீர்வளத்துறையும், அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியமும் பராமரிக்கின்றன. மீன் பாசி ஏலம் எடுப்பவர் பெறுவது மீன் பிடிக்கும் உரிமை மட்டுமே. தண்ணீர் அவருடையதன்று.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி தை, மாசியில் குறையத் தொடங்கும். நவரைப் பயிருக்குத் தண்ணீர் வேண்டிய சமயம் அது. மீன் பிடிப்பவருக்கோ நீர் வற்றினால்தான் வசதி. சண்டை மூளுவது இங்கேதான். ஆகவே ஏலத்துக்கு முன்பே ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி, கீழ்க்கண்டவற்றை ஏல நிபந்தனையில் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும்:

1. மதகைக் குத்தகைதாரர் தொடக்கூடாது.
2. மீன் வெளியேறாமலிருக்கக் கலங்கலில் அடைப்பு வைக்கக்கூடாது. அதில் குப்பை சேர்ந்து வெள்ளம் தடைப்பட்டால் ஏரிக்கரையே உடையக்கூடும்.
3. வெடி, நஞ்சு பயன்படுத்தக்கூடாது. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி இவை குற்றமாகும்.

சொந்தக் குட்டை மீன்

பட்டா நிலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையில் நீங்கள் விட்டு வளர்க்கும் மீன் உங்களுடையது. அதை நீங்களே பிடிக்கலாம், குத்தகைக்கும் விடலாம். ஊரார் வழக்கமாகத் தூண்டில் போடுவதால் மட்டும் ஒரு தனியார் நீர்நிலை பொதுநீர் ஆகிவிடாது என்று மேற்கண்ட 1897-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

குத்தகையை வாய்ச்சொல்லில் முடிக்க வேண்டாம். ஒரிசாவின் சில்கா ஏரியில், பாரிகுட் ராஜாவுக்குப் பணம் கட்டிச் சிலர் மீன் பிடிக்கும் உரிமை வாங்கியிருந்தனர். 1953-ல் அந்த ஜமீன் அரசைச் சேர்ந்தபின் அரசு அவ்வுரிமையை ஏற்கவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நீரில் மீன் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை அசையாச் சொத்தைச் சேர்ந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அவ்வுரிமையை எழுதிப் பதிவு செய்யாமல் வாங்கினால் செல்லாது என்று 1955-ல் தீர்ப்பாயிற்று. கட்டிய பணத்துக்கு ரசீது இருந்தும் பயனில்லை.

எனவே புல எண், குத்தகைக் காலம், தொகை, பயிருக்காகக் குட்டையில் நிறுத்த வேண்டிய நீர்மட்டம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். நீர்மட்டத்தை எழுத மறந்தால், மீன் விற்ற பணம் கையில் இருக்கும்போதே பயிர் காய்வதைப் பார்க்க நேரிடும்.