அலையில் தெரிவதும் ஆயுளில் நடப்பதும்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாரடைப்பு வந்தவர்களின் இ.சி.ஜி.யை அதிர்வெண்களாகப் பிரித்து, அவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கப்போவதாக எழுதியிருந்தாய். இறுதியாண்டு பிராஜெக்டுக்கு நல்ல பொருள். வெப்பம் பரவுவதை விளக்க ஃபூரியர் 1822இல் நூலாக்கிய கணிதம் நோயுற்ற இதயத்தைப் பற்றி என்ன சொல்லும் என்ற கேள்வி யாரையும் இழுக்கும். ஆனால் "ஸ்பெக்ட்ரம் வந்துவிட்டால் பதில் வந்துவிடும்" என்ற உன் வரியை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. வரைபடத்தில் தெரிவது உண்மையாகவே இதயத் தசையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதை அறிந்ததால் அந்த நோயாளி பிழைப்பாரா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையைக் கொண்டு இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிட்டதாக நினைத்த இடங்களில்தான் இந்தத் துறை அடி வாங்கியிருக்கிறது.

முதலில் தசையில் நடப்பதைப் பார். அடைபட்ட ரத்தக்குழாயை நம்பியிருந்த தசை செத்துத் தழும்பாகிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்த இடத்தில் எல்லாமே செத்துவிடுவதில்லை. தழும்புக்குள்ளும் அதன் ஓரத்திலும் உயிர் தப்பிய இழைகள் மெல்லிய கற்றைகளாகக் கிடக்கும். மின்னலை அவற்றின் வழியே வளைந்து நெளிந்து மெதுவாகத்தான் போக முடியும். பெரிய வீதியில் ஊர்வலம் கடந்துபோன பிறகு சந்துகளில் சிக்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வதுபோல, கீழறையின் மற்ற பகுதிகளில் அலை பரவி முடிந்த பின்னும் இந்த இழைகளில் ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியே வரும்போது சுற்றியுள்ள தசை ஓய்ந்து மறுபடியும் தயாராகியிருந்தால், அதே அலை திரும்பப் புகுந்து வட்டமிடத் தொடங்கும். பழைய மாரடைப்புத் தழும்புள்ளவர்களுக்கு வரும் வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்ற ஆபத்தான வேகத் துடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

பின்தங்கி வரும் இந்த மின்சாரத்தை டாக்டர்கள் 'லேட் பொட்டென்ஷியல்' என்கிறார்கள். இ.சி.ஜி.யில் கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலையின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் என்றால், அதன் வாலில் ஒட்டியிருக்கும் இந்தச் சிற்றலைகள் சில மைக்ரோவோல்ட்தான். மார்புத் தசைகளின் இரைச்சலே இவற்றை மூழ்கடித்துவிடும். அதனால் சில நூறு துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். துடிப்போடு தொடர்பில்லாத இரைச்சல், அடுக்கிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும்: 100 துடிப்புகளில் பத்தில் ஒரு பங்காகும், 400இல் இருபதில் ஒரு பங்காகும். பிறகு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் மெதுவாக ஏறி இறங்கும் பகுதி விலகி, சிற்றலை மட்டும் நிற்கும். மாரடைப்புக்குப் பின் வேகத் துடிப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் இத்தகைய வழியில் பெருமளவு பிரித்துவிடலாம் என்று சிம்சன் என்ற ஆய்வாளர் 1981இல் காட்டினார். வடிகட்டிய கியூ.ஆர்.எஸ். 114 மில்லிவிநாடிக்கு மேல் நீள்வது, அதன் கடைசி 40 மில்லிவிநாடியின் வீச்சு 20 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இருப்பது, 40 மைக்ரோவோல்ட்டைத் தாண்டாத வால் 38 மில்லிவிநாடிக்கு மேல் இழுப்பது என்ற அளவுகோல்கள் பின்னர் நிலைபெற்றன.

இந்த இடத்தில் நீ நிதானிக்க வேண்டும். பெரிய அலை ஒன்று சட்டென்று முடியும் இடத்தில், கூர்மையான வடிகட்டி தன் இயல்பினாலேயே கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு விழுவதும் நாம் சிற்றலையைத் தேடுவதும் ஒரே இடத்தில்தான். ஆரோக்கியமான இதயத்திலும் நோய் இருப்பதுபோல வரைபடம் காட்டிவிடும். சிம்சன் இதை அறிந்து, பதிவின் பின்பகுதியைக் காலத்தில் பின்னோக்கி வடிகட்டினார், அதிர்வு கியூ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அழகான யோசனை இது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வடிகட்டிக்குப் பதிலாக அந்த வாலையே ஃபூரியர் பகுப்பாய்வு செய்யும் வழியைச் செயின்ட் லூயி நகரில் மைக்கேல் கேயினின் குழு 1984இல் முன்வைத்தது. அதற்கும் ஒரு விலை உண்டு. 40 மில்லிவிநாடி நீளமுள்ள துண்டில் 25 ஹெர்ட்ஸ் இடைவெளிக்குக் குறைவான வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாது. பூஜ்யங்களைச் சேர்த்துத் துண்டை நீட்டினால் வரைபடம் வழவழப்பாகும், தகவல் கூடாது. துண்டு தொடங்கும் இடத்தைச் சில மில்லிவிநாடி நகர்த்தினாலும் விடை மாறக்கூடும். ஆகவே ஸ்பெக்ட்ரத்தில் பாதி இதயத்திலிருந்து வருகிறது. மீதி நீ தேர்ந்த நீளத்திலிருந்தும் வடிகட்டியிலிருந்தும் வருகிறது. (துடிப்புகளுக்கு இடையிலான நேரம் மாறுவதன் ஸ்பெக்ட்ரம் வேறு விஷயம். அங்கே பேசப்படும் அதிர்வெண்கள் 0.4 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. அவை தழும்பைப் பற்றியல்ல, நரம்புகளின் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்பவை. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் போட்டுக் குழப்பிவிடாதே.)

சரி, அத்தனையும் கவனமாகச் செய்து உண்மையான சிற்றலையையே பிடித்துவிட்டாய். அடுத்து என்ன? முன்பு வேறோர் அறிகுறியில் நடந்ததைப் பார். மாரடைப்புக்குப் பிறகு இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகள் ஆபத்தின் அறிகுறி என்பது உறுதியாகத் தெரிந்திருந்தது. அவற்றை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைக்கும் என்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றும் முடிவுதான். காஸ்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட் மருந்துகள் துடிப்புகளை அடக்கத்தான் செய்தன. ஆனால் 1991இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும் வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். அறிகுறி பொய்யல்ல, அறிகுறியை அழிப்பதே சிகிச்சை என்ற அனுமானம்தான் பொய்த்தது. சிற்றலைகளுக்கும் இத்தகைய சோதனை வந்தது. பைபாஸ் அறுவைக்கு வந்தவர்களில் இதயத்தின் பம்பு ஆற்றலும் குறைந்து, சராசரி எடுத்த இ.சி.ஜி.யும் இயல்பு மீறியிருந்த 900 பேரைத் தேர்ந்து, ஒரு பிரிவினருக்கு மட்டும், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் டிஃபிபிரிலேட்டரை உடலுக்குள் பொருத்தினார்கள். 1997இல் வெளியான விடை: பொருத்திய 446 பேரில் 101 மரணம், பொருத்தாத 454 பேரில் 95 மரணம்.

அப்படியானால் அந்த முறையே வீண்தானே என்று நீ கேட்பாய். வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு பைபாஸ் மூலம் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. அதுவே வேகத் துடிப்புக்கான வாய்ப்பைக் குறைத்திருக்கலாம். பெரும்பாலான மரணங்கள் தாளக்கோளாறால் நேர்ந்தவையும் அல்ல. சிற்றலை இல்லாதவருக்கு வேகத் துடிப்பு வரும் வாய்ப்பு குறைவு என்ற ஆறுதலான பயனும் இந்தச் சோதனைக்கு உண்டு. ஆனால் 2002இல் மேடிட்-2 ஆய்வு எந்த ஸ்பெக்ட்ரமும் பார்க்காமல், பழைய மாரடைப்பும் இடது கீழறையின் வெளியேற்றும் திறன் 30 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாகவும் உள்ள 1232 பேரை எடுத்து, டிஃபிபிரிலேட்டர் பொருத்தியவர்களில் மரணம் 14.2 சதவீதம், பொருத்தாதவர்களில் 19.8 சதவீதம் என்று காட்டியது. நுட்பத்தில் சிற்றலைக்கு ஈடாகாத ஓர் அளவுதான் அது. ஆனாலும் அதை வைத்துச் சிகிச்சை தந்தபோது உயிர் மிஞ்சியது. மருத்துவமனைகளில் இன்று முடிவெடுக்க அந்த எண்ணைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆழ்கற்றல் வந்துவிட்ட பிறகு வடிகட்டி, துண்டின் நீளம் என்றெல்லாம் நாம் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், பதிவை அப்படியே கொடுத்தால் எந்திரம் தானே கற்றுக்கொள்ளாதா என்றும் கேட்பாய். கற்றுக்கொள்ளும், ஆனால் நீ கொடுத்த பதிவில் இருப்பதை மட்டும். எம்.ஐ.டி.-பி.ஐ.எச். என்ற இ.சி.ஜி. தொகுப்பு விநாடிக்கு 360 மாதிரிகள் எடுத்தது. 180 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவுமே இல்லை. சிற்றலை ஆய்வுக்கு 250 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். விநாடிக்கு 1000 மாதிரிகள் கொண்ட பி.டி.பி. தொகுப்பு உனக்குப் பொருந்தும்: 290 பேரின் 549 பதிவுகள், அவர்களில் 148 பேர் மாரடைப்பு நோயாளிகள். ஒருவரின் பல பதிவுகள் அதில் இருப்பதால், பயிற்சிக்கும் சோதனைக்கும் பதிவுகளைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரி; இல்லாவிட்டால் எந்திரம் நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கிவிடும். அந்தத் தொகுப்பு மாரடைப்பு வந்தவரையும் வராதவரையும் பிரிக்க உதவும். பின்னாளில் யார் இறந்தார் என்று தொடர்ந்து பார்த்த ஆய்வு அது அல்ல. ஆகவே அறிக்கையின் தலைப்பில் 'ஆபத்தைக் கணித்தல்' என்பதை எடுத்துவிட்டு, 'தழும்பின் மின்னடையாளத்தைக் கண்டறிதல்' என்று போடு. முதல் அட்டவணையில் துண்டின் நீளம், வடிகட்டி, மிஞ்சிய இரைச்சல் மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் சிறிது மாற்றியபோது விடை எவ்வளவு நகர்ந்தது என்பதையும் பக்கத்திலேயே காட்டு. அந்த அட்டவணை முடிந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா