ஆங்கிலம் பழகுவோம்: நினைக்காம இருக்க முடியல!



பாடத்துக்குப் போகும் முன், நம் கூட்டமைப்பில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். உறுப்பினர் ஒருவரின் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியை அம்மாவின் செல்போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினார்: "ஐ கான்ட் ஹெல்ப் வொர்ரியிங் அபவுட் ஹெர்."

பக்கத்து வீட்டுப் பையன் படித்துப் பார்த்துவிட்டு, "என்னால உதவி பண்ண முடியாதுன்னு டீச்சர் சொல்றாங்க அத்தை" என்றான். டீச்சரே கைவிட்டுட்டாங்களேன்னு அந்தம்மா தூங்கவே இல்லை. திரும்பப் பேசவும் கூச்சம். இரண்டு நாள் கழித்துக் குழுக் கூட்டத்தில் அழுதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊக்குநர் போனை வாங்கிப் படித்தார். டீச்சர் சொன்னது இதுதான்: "அவளை நினைச்சுக் கவலைப்படாம இருக்க முடியல." உடனே போன் போட்டோம். பிள்ளை பல நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்திருக்கிறாள். மறுநாளே அம்மா போய் டாக்டரிடம் காட்டினார். இப்போது தேறி வருகிறாள்.

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. 'ஹெல்ப்' என்றால் உதவி என்றுதானே நாம் எல்லோரும் படித்தோம்! அந்தச் சொல்லுக்குத் 'தவிர்ப்பது' என்றும் ஒரு பொருள் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'ஹெல்ப்' என்பதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

1. ஆள் வந்தால் உதவி. "ஐ கான்ட் ஹெல்ப் யூ" – உனக்கு உதவ முடியாது.

2. 'இங்' என்று முடியும் சொல் வந்தால், மனசை அடக்க முடியவில்லை என்று பொருள். நாம் சொல்லும் "...ஆம இருக்க முடியல" என்பதேதான்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

* ஐ கான்ட் ஹெல்ப் க்ரையிங் – அழாம இருக்க முடியல.
* ஐ குடன்ட் ஹெல்ப் லாஃபிங் – சிரிப்பை அடக்க முடியாமப் போச்சு. (நடந்து முடிந்ததற்கு 'குடன்ட்'.)
* ஐ கான்ட் ஹெல்ப் இட் – என்ன பண்றது, என் கையில இல்ல.
* ஐ கான்ட் ஸ்டாப் திங்கிங் அபவுட் இட் – அந்த நினைப்பு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

நடுவில் 'பட்' சேர்த்தால் 'இங்' வராது: "ஐ கான்ட் ஹெல்ப் பட் வொர்ரி." பொருள் ஒன்றுதான்.

அலுவலகத்திலும் உதவும்

ஒரு கணக்கிலோ வட்டியிலோ சந்தேகம் வந்தால், "நீங்க சொல்றது தப்பு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லத் தயங்குகிறோம். தயங்கித் தயங்கிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் இப்படிச் சொல்லலாம்: "ஐ கான்ட் ஹெல்ப் திங்கிங் தட் த இன்ட்ரஸ்ட் இஸ் டூ ஹை." வட்டி ரொம்ப அதிகம்னு எனக்குத் தோணாம இல்ல என்று அர்த்தம். மரியாதையும் குறையாது, கேட்க வேண்டியதையும் கேட்டுவிடலாம்.

பயிற்சி

இவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்:

அ) உன்னை நினைச்சுக் கவலைப்படாம இருக்க முடியல.
ஆ) அப்ப என்னால அழுகையை அடக்க முடியல.

விடை: அ) ஐ கான்ட் ஹெல்ப் வொர்ரியிங் அபவுட் யூ. ஆ) ஐ குடன்ட் ஹெல்ப் க்ரையிங்.

ஒரு வேண்டுகோள், சகோதரிகளே. போனில் வரும் ஆங்கிலச் செய்தி புரியவில்லை என்றால், மனசுக்குள் வைத்து மருகாதீர்கள். குழுவில் காட்டிக் கேளுங்கள். அனுப்பியவரிடமே தமிழில் பேசிக் கேளுங்கள். கவலை வருவதைத் தடுக்க முடியாது. தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்!